பழைய ஆஃப்ரோடு எஸ்.யூ.வி. வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி பார்க்கப் போகும் நண்பர்கள் துணைக்குக் கூப்பிடுவார்கள். நானும் போய் முதல் அரை மணி நேரம் வண்டிக்கு அடியில்தான் கிடப்பேன். உள்ளே சீட் எப்படி, பாட்டு எப்படிக் கேட்கிறது என்பதெல்லாம் அப்புறம். அப்படிப் போன இடங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சாதாரண பழைய கார் வாங்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

காரில் பார்க்கும் எல்லாவற்றையும் இதிலும் பார்க்க வேண்டும். அதற்கு மேல் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் பெட்டி), முன் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரப் பெட்டி, சுருக்கமாக டிஃப்), முன் ஆக்சில், டிஃப் லாக் (அந்த இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பூட்டுவது) என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவற்றில் எது போனாலும் செலவு பெரிது. முன்பு வைத்திருந்தவர் மாதக்கணக்கில் ஃபோர் வீலே போடாமல் ஓட்டியிருந்தால், கோளாறு இருப்பது அவருக்கே தெரிந்திருக்காது.

இன்னொன்று, இந்த வண்டிகளில் கிலோமீட்டரை மட்டும் நம்ப முடியாது. பாறை மேல் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் மீட்டரில் ஏறுவது 5 கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் எஞ்சின், கிளட்ச், ஜாயின்ட், புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையம்) எல்லாம் முழுப் பாரத்தில் உழைத்திருக்கும். 40,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியின் அடிப்பாகம், நெடுஞ்சாலையிலேயே ஒன்றரை லட்சம் ஓடிய வண்டியை விடத் தேய்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எஸ்.யூ.வி. என்றாலே ஆஃப்ரோடுக்கு ஆகுமா?

ஆகாது. உயரமாக இருப்பதெல்லாம் ஆஃப்ரோடு வண்டி என்று நினைத்து வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய. முதலில் லோ ரேஞ்ச் கியர், அதாவது 4எல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால்தான் வண்டி பிரேக்கையே நம்பாமல் எஞ்சின் பிடிப்பிலேயே சரிவில் இறங்கும், கிளட்சை எரிக்காமல் மேட்டில் ஏறும். ஜீப் ராங்லரின் சாதாரண மாடலில் 4எல் விகிதம் 2.72, ரூபிகான் மாடலில் 4. இப்போதைய சுசுகி ஜிம்னியில் ஏறக்குறைய 2. எண் கூடக் கூட வண்டி மெதுவாகவும் வலுவாகவும் ஊரும்.

அடுத்தது உடலமைப்பு. ஜிம்னி, ராங்லர், மஹிந்திரா தார், டொயோட்டா ஃபார்ச்சூனர் போன்றவற்றுக்கு ஏணி வடிவச் சேசிஸ் தனியாக இருக்கும், பாடி அதன் மேல் உட்காரும். 1999-இல் வந்த மூன்றாம் தலைமுறை மிட்சுபிஷி பஜேரோவும், 2020-இல் விற்பனைக்கு வந்த புதிய லேண்ட் ரோவர் டிஃபெண்டரும் பாடியும் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்தவை. இரண்டு வகையிலும் நன்றாக ஆஃப்ரோடு செய்யலாம். பார்க்க வேண்டிய இடங்கள்தான் மாறும். ஏணிச் சேசிஸ் என்றால் சட்டத்தின் துருவும் விரிசலும். ஒன்றாகச் சேர்ந்தது என்றால் கதவுக்குக் கீழே ஓடும் சில் ஓரங்கள், சஸ்பென்ஷன் பாடியோடு சேரும் இடங்கள், ஜாக்கி வைக்கும் இடங்கள்.

வண்டி பார்க்கப் போகும்போது கையில் என்ன எடுத்துப் போக வேண்டும்?

நல்ல டார்ச், விரித்துப் படுக்கப் பழைய துணி, சின்ன சுத்தியல், ஸ்குரு டிரைவர், ஒரு காந்தம், வெள்ளைத் தாள், வண்டிக் கணினியின் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர். வெள்ளைத் தாள் எதற்கென்றால், டிப் ஸ்டிக்கில் இருந்து ஒரு சொட்டு ஆயிலை அதில் வைத்தால் நிறம் தெளிவாகத் தெரியும். காந்தம் பட்டி பூசிய இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் 2016 ஜனவரி வரை வந்த பழைய டிஃபெண்டர் மாதிரி, வெளித் தகடு அலுமினியமாக இருந்தால் காந்தம் அதில் ஒட்டாது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

முடிந்தால் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். லிஃப்டில் பத்து நிமிடம் நின்று பார்த்தால் தரையில் ஒரு மணி நேரம் படுத்தாலும் தெரியாதது தெரியும். வெறும் ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தலையை விடாதீர்கள்.

"மண்ணில் இறக்கியதே இல்லை" என்கிறார் உரிமையாளர். நம்பலாமா?

வண்டியே சொல்லிவிடும். டிஃபரன்ஷியல் உருண்டையின் அடிப்புறம், பின் ஷாக் அப்சார்பர் மாட்டும் கீழ்க் காது, கியர்பாக்ஸைத் தாங்கும் குறுக்குச் சட்டம், எரிபொருள் டேங்கின் காப்புத் தகடு, டோ ஹூக், இவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். கல் உரசினால் கோடு முன்னிருந்து பின்னாக இழுத்திருக்கும். தண்ணீர் அடித்துக் கழுவினாலும் சேசிஸ் குழாயின் உள்ளே, பம்பரின் உள்மடிப்பில், ரேடியேட்டருக்கும் ஏ.சி. கண்டன்சருக்கும் நடுவில் காய்ந்த மண் மிஞ்சியிருக்கும். பக்கவாட்டுப் பெயின்ட்டில் முள்செடி கீறிய மெல்லிய கோடுகள் வெயில் சாய்வாக விழும்போது தெரியும். பாலிஷ் போட்டிருந்தாலும் கதவுக் கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள், அங்கே பாலிஷ் துணி சரியாகப் போயிருக்காது.

அப்படியானால் ஆஃப்ரோடு போன வண்டியை ஒதுக்கிவிட வேண்டுமா?

வேண்டாம். அதற்காகச் செய்த வண்டியை அதற்குப் பயன்படுத்தியதில் தவறு இல்லை. அடியைக் காக்கும் ஸ்கிட் பிளேட்டில் கீறல் இருந்தால் அந்தத் தகடு தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். நான் கேட்பதெல்லாம், போய் வந்த பிறகு என்ன செய்தார்கள் என்பதே. அடியைக் கழுவினார்களா, தண்ணீரில் இறங்கி வந்தால் டிஃப் ஆயிலைத் திறந்து பார்த்தார்களா, கிரீஸ் அடித்தார்களா?

உரிமையாளரிடம் சும்மா பேச்சுவாக்கில் கேளுங்கள்: "டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" ஒழுங்காக வைத்திருந்தவர் யோசிக்காமல் சொல்வார், பில்லையும் எடுத்துக் காட்டுவார். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குத் தனி ஆயில் உண்டா என்று அவர் நம்மையே திருப்பிக் கேட்டால், அதன் ஆயிலை யாரும் தொட்டதில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒளிக்காமல் "இங்கே இடித்தேன், இதை மாற்றினேன்" என்று காட்டும் ஆளிடம், வழவழவென்று கழுவி நிறுத்திய வண்டியை விடக் கீறல் விழுந்த வண்டியை நான் விரும்பி வாங்குவேன்.

சேசிஸில் எங்கே, எப்படிப் பார்ப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸை மாற்றலாம். சேசிஸ் போனால் வண்டியே போன மாதிரி.

துரு உள்ளே இருந்துதான் தின்னும். சேசிஸ் குழாய்க்குள் போன சேறு, தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிட, ஈரம் அங்கேயே தங்கி வெளியே தெரியாமல் இரும்பை மெலிய வைக்கும். கடற்கரை மணலில் ஓடிய வண்டி, பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் இடத்தில் ஓடிய வண்டி என்றால் இது இன்னும் வேகமாக நடக்கும். பெரிய பேர் பெற்ற வண்டிக்கும் இதில் விலக்கு இல்லை. டகோமா, டன்ட்ரா, செகோயா வண்டிகளின் சேசிஸ் துருப்பிடித்தது தொடர்பாக அமெரிக்காவில் நடந்த வழக்கில், டொயோட்டா நிறுவனம் 2016-இல் சமரசத்துக்கு வந்தது.

உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, சுத்தியலால் முன்னிருந்து பின்வரை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸ் வளையும் இடம், ஸ்பிரிங் உட்காரும் இடம், இழுவைக் கம்பிகள் மாட்டும் பிராக்கெட், பாடி உட்காரும் மவுண்ட், பின் குறுக்குச் சட்டம், இவற்றில் நிதானம் வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும்.

ஒருமுறை நான் பார்த்த வண்டிக்கு அடியில் புத்தம் புதுக் கறுப்புப் பூச்சு. விரல் வைத்தால் ஒட்டியது. "பாதுகாப்புக்காகப் போன வாரம்தான் அடித்தேன்" என்றார் விற்றவர். தட்டிக்கொண்டே போனேன். டங், டங் என்று வந்த சத்தம் பின் ஆக்சிலுக்கு மேலே தொப்பென்று அடங்கியது. ஸ்குரு டிரைவர் முனையால் அழுத்தியதும் பூச்சு உரிந்தது, அதற்கடியில் பட்டி. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், முனை உள்ளே இறங்கிவிட்டது. கையளவு ஓட்டையைக் கம்பிவலையும் பட்டியும் வைத்து மூடிப் பூசியிருந்தார்கள். விற்பதற்குச் சில நாள் முன்பு அடித்த அண்டர்கோட்டிங் என்றாலே எனக்கு அந்த முனை இறங்கிய இடம்தான் நினைவுக்கு வரும்.

துருவைப் போலவே விரிசலும் முக்கியம். ஸ்டீயரிங் பாக்ஸ் சேசிஸில் போல்ட் ஆகும் இடத்தைச் சுற்றிப் பாருங்கள். பெரிய டயர் போட்டு ஓட்டியிருந்தால் அங்கே வெடிக்கும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இருபுறமும் ஆட்டட்டும், நீங்கள் வெளியே இருந்து அந்த இடம் அசைகிறதா என்று பாருங்கள். ஷாக் அப்சார்பர் மாட்டும் கோபுரம், பன்ஹார்ட் ராடு (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் கம்பி) மாட்டும் பிராக்கெட் ஆகியவற்றிலும் வெல்டிங் தடம் தேடுங்கள். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக ஓடும், பின்னால் வைத்தது கட்டி கட்டியாக இருக்கும். வெல்டிங் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். பலப்படுத்துவதற்காகத் தகடு வைத்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது உடைந்து ஒட்டியதாக இருக்கும்.

கடைசியாகச் சமதளத்தில் நிறுத்தி, கதவு இடைவெளிகள் மேலும் கீழும் ஒரே அளவா என்று பாருங்கள். சேசிஸ் முறுக்கிக்கொண்ட வண்டியில் ஒரு கதவாவது இழுத்துச் சாத்த வேண்டியதாக இருக்கும்.

தண்ணீரில் மூழ்கிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓடையைக் கடப்பது வேறு, மூழ்குவது வேறு. ஒவ்வொரு வண்டிக்கும் கம்பெனி ஓர் ஆழம் சொல்லியிருக்கும். 2020 தாருக்கு 650 மில்லிமீட்டர், ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை) உள்ள புதிய டிஃபெண்டருக்கு 900. அதைத் தாண்டினால் தண்ணீர் கேபினுக்குள்ளும் ஏர் ஃபில்டருக்குள்ளும் வரத் தொடங்கும்.

சீட் பெல்ட்டை முழுவதும், ஒரு விரல் கூட மிச்சமில்லாமல் வெளியே இழுத்துப் பாருங்கள். சீட்டை ஷாம்பூ போட்டுக் கழுவுவார்கள், கார்பெட்டை மாற்றுவார்கள், பெல்ட்டின் உள்சுற்றை மறந்துவிடுவார்கள். நான் பார்த்த ஒரு வண்டியில் கடைசி ஒன்றரை அடி விறைப்பாக, பழுப்பாக இருந்தது. விரலால் தேய்த்தால் மாவு போல வண்டல் உதிர்ந்தது. அதே வண்டியின் டாஷ்போர்டு புதுசு போல மின்னியது.

அதோடு சீட் தண்டவாளத்தின் துரு, கார்பெட்டுக்கு அடியிலுள்ள பஞ்சின் வாடை, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, ஃபியூஸ் பெட்டியில் பச்சை பிடித்த முனைகள், இவற்றையும் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து, ஃபில்டருக்கு மேலே எஞ்சின் பக்கம் போகும் குழாயில் மண் படிவு இருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவுங்கள். அங்கே மண் இருந்தால் எஞ்சின் அதைக் குடித்திருக்கிறது. தண்ணீரைக் காற்று போல அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். லேசாக வளைந்த ராடோடு எஞ்சின் ஓடவும் செய்யும், ஆறு மாதம் கழித்து உடையும். சந்தேகம் வந்தால் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளப்பது) செய்யுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவாகக் காட்டினால் அந்த வண்டி வேண்டாம்.

டிஃப் ஆயில் மட்டும் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் அது வேறு கதை. ஓடும்போது சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து, உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுக்கும். அதைத் தடுக்கத்தான் ஆக்சிலின் மேல் பிரீதர் என்று ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. அது அடைத்தோ கழன்றோ இருந்தால் இப்படி ஆகும். உடனே ஆயில் மாற்றினால் தப்பித்துக்கொள்ளலாம். எத்தனை நாள் அப்படியே ஓடியது என்பதுதான் கேள்வி. டெஸ்ட் டிரைவில் வேகத்துக்கு ஏற்ப ஊளையிடும் சத்தம் வந்தால் பேரிங்கும் பல்லும் ஏற்கெனவே போய்விட்டன.

ஃபோர் வீல் வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

டாஷ்போர்டில் விளக்கு எரிவதைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். உங்கள் கையாலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும், அதுவும் சரளை, மண் போன்ற இளகிய தரையில். பார்ட் டைம் ஃபோர் வீல் வண்டியை, அதாவது நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வகையை, காய்ந்த தார் ரோட்டில் 4ஹெச் (சாதாரண வேகத்துக்கான ஃபோர் வீல்) போட்டுத் திருப்பக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விட அதிக தூரம் ஓட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டால் அந்த வித்தியாசம் போவதற்கு இடமில்லாமல் ஷாஃப்ட்டுகள் முறுக்கிக்கொள்ளும்.

சரளையில் 2ஹெச்சில் (இரண்டு சக்கரம் மட்டும் இழுப்பது) முழு ஸ்டீயரிங் ஒடித்து மெதுவாக வட்டமிடுங்கள், லேசாகச் சுற்றும். நேராக்கி 4ஹெச் போட்டு அதே வட்டத்தை ஓட்டுங்கள். இப்போது வண்டி தயங்கித் தயங்கி, முன் சக்கரம் கல்லை அரைத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு வட்டமும் ஒரே மாதிரி இருந்தால் முன்பக்கம் சேரவில்லை. நண்பர் ஒருவரை வெளியே பக்கவாட்டில், தள்ளி நிற்கச் சொல்லி, மேட்டில் சட்டென்று எடுங்கள். முன் சக்கரமும் கல்லைத் தள்ளுகிறதா என்று அவர் சொல்வார். ஜிம்னி போன்ற வண்டிகளில் முன் ஹப்பை (சக்கரத்தின் நடுப்பகுதி) ஷாஃப்ட்டோடு சேர்ப்பது வாக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் விசை. ஒரு ரப்பர் குழாய் வெடித்திருந்தாலும் முன் ஷாஃப்ட் சுற்றும், சக்கரத்துக்குச் சக்தி போகாது. இது சின்ன வேலைதான், விலை பேசுவதற்கு உதவும்.

4எல் போட வண்டியை நிறுத்தி நியூட்ரலில் வையுங்கள். லீவர் ஆணி அடித்த மாதிரி அசையவில்லை என்றால் ரொம்ப நாளாக யாரும் தொடவில்லை. ஒரு மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தால் சில சமயம் விழும். விழுந்ததும் முதல் கியரில் ஒரு சரிவில் இறக்கி, காலை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துவிடுங்கள். வண்டி நடந்து இறங்குவது போல இறங்க வேண்டும். கியர் தானாகக் கழன்று வண்டி ஓடத் தொடங்கினால் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு உள்ளே தேய்மானம். பிறகு அதே மேட்டில் பாரம் கொடுத்து ஏற்றுங்கள். கடக் கடக் என்று செயின் பல் தாவும் சத்தம் வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின் நீண்டிருக்கிறது.

டிஃப் லாக் இருந்தால் அதையும் போடுங்கள். சில வண்டிகளில் 4எல் போட்ட பிறகுதான் லாக் விழும், ரூபிகான் அப்படித்தான். விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் விழவில்லை என்று பொருள். மெல்ல நகர்த்தி லேசாக ஸ்டீயரிங்கை அசைத்தால் விழும். விழுந்தபின் வண்டி திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும், அப்படித்தான் இருக்க வேண்டும். எடுத்ததும் விளக்கு அணைகிறதா என்பதையும் பாருங்கள். எடுக்க வராத லாக், போட வராத லாக்கை விட ஆபத்து.

ஓடும்போது ஸ்டீயரிங் பயங்கரமாக ஆடுகிறது, "ஒரு டேம்பர் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார்கள். உண்மையா?

ராங்லர், ஜிம்னி மாதிரி முன்னாலும் நேர் ஆக்சில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டு) உள்ள வண்டிகளில் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பள்ளம் ஏறி இறங்கியதும் முன் சக்கரம் இரண்டும் வெறி பிடித்தது போல ஆடும். பிரேக் பிடித்து வேகம் குறைத்தால்தான் நிற்கும். காரணம் பன்ஹார்ட் ராடு புஷ், டை ராடு (சக்கரத்தைத் திருப்பும் கம்பி) எண்ட், கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங், சக்கர பேலன்ஸ் இவற்றில் ஒன்றோ பலவோ. ஸ்டீயரிங் டேம்பர், அதாவது ஸ்டீயரிங்குக்கு மாட்டும் சின்ன ஷாக் அப்சார்பர், அந்த ஆட்டத்தைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவே. பழைய வண்டியில் டேம்பர் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் அதையே விசாரியுங்கள்.

சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், பிறகு இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். இரண்டிலும் ஆடினால் பெரும்பாலும் வீல் பேரிங். மேலும் கீழும் மட்டும் என்றால் கிங்பின்னோ பால் ஜாயின்ட்டோ. இடம் வலமாக மட்டும் ஆடினால் டை ராடு. முன் ஆக்சில் முனையில் உருண்டை போன்ற பகுதி உள்ள வண்டிகளில் அதன் மேல் கிரீஸும் ஆயிலும் குழம்பிக் கறுப்பாக வழிந்தால், உள் சீல் போய் டிஃப் ஆயில் ஜாயின்ட்டுக்குள் வந்துவிட்டது. சரிசெய்யலாம், ஆனால் முழுவதும் பிரிக்க வேண்டும், வேலை நேரம் அதிகம்.

உயரம் கூட்டும் லிஃப்ட் கிட், பெரிய டயர் போட்ட வண்டி வாங்கலாமா?

வேலை முழுமையாக நடந்திருந்தால் வாங்கலாம். உயரத்தைக் கூட்டுவது சுலபம், கூட்டியபின் மாறிப்போனதையெல்லாம் சரிசெய்வதுதான் வேலை. காஸ்டர் கோணம் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) குறையும், நேர் ஓட்டத்தில் வண்டி அலையும். பிரேக் ஹோஸ் நீளம் போதாது. புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு கூடி, அதன் முனையில் மடங்கும் மூட்டான யூ.ஜே. கிராஸ் சீக்கிரம் தேயும். தனி முன் சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் சி.வி. ஜாயின்ட் (சக்கரத்துக்குச் சக்தி கொண்டுபோகும் மூட்டு) கோணம் கூடி ரப்பர் பூட் கிழியும். ஸ்பிரிங்குக்கு மேல் பிளாக் மட்டும் வைத்து உயர்த்தியிருந்தால் நான் விலகிவிடுவேன். இரண்டு அங்குலத்துக்கு மேல் தூக்கிய வண்டியில் இவற்றையெல்லாம் என்ன செய்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

டயர் பெரிதானால் மீட்டரும் பொய் சொல்லும். 29 அங்குல டயருக்காகக் கணக்கிட்ட மீட்டரில் 33 அங்குலம் போட்டால், மீட்டர் 80,000 காட்டும்போது வண்டி உண்மையில் 91,000 ஓடியிருக்கும். வேகமும் அப்படித்தான், 80 காட்டும்போது 91-இல் போய்க்கொண்டிருப்பீர்கள். மீட்டரைத் திருத்தினார்களா, எப்போது திருத்தினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஸ்பிரிங், பழைய டயரைக் கூடவே கொடுத்தால் நல்ல அறிகுறி.

டயரில் வேறென்ன பார்க்க வேண்டும்?

பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் ஆழமாக இருந்தாலும் பத்து வருட டயர் ரப்பர் கெட்டுப்போயிருக்கும். நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்கிறதா என்பது இதில் இன்னும் முக்கியம். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன்னால் தேய்ந்தது, பின்னால் புதியது என்று ஓட்டினால் நடு டிஃபரன்ஷியலோ கப்ளிங்கோ ஓயாமல் வேலை செய்து சூடாகும். ஸ்டெப்னியையும் பாருங்கள், அதே அளவுதானா என்று.

எஞ்சினும் கியர்பாக்ஸும்?

எல்லாப் பழைய வண்டிக்கும் சொல்வதுதான். நீங்கள் போகும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். நீலப் புகை ஆயில் எரிவதைச் சொல்லும், சூடான பிறகும் நிற்காத இனிப்பு வாடையுள்ள வெள்ளைப் புகை கூலன்ட் எரிவதைச் சொல்லும்.

ஆஃப்ரோடு வண்டிக்கென்று நான் செய்யும் சோதனை ஒன்று உண்டு. டெஸ்ட் டிரைவ் முடித்து வந்ததும் ஏ.சி.யை முழுதாக வைத்து இருபது நிமிடம் நிற்க வைத்தே ஓட விடுங்கள். மண் அடைத்த ரேடியேட்டரும் பலவீனமான ஃபேன் கிளட்சும் சாலையில் தெரியாது, காற்று தானாக அடிக்கும். நின்ற இடத்தில்தான் வெப்பமுள் ஏறும். 4எல்லில் மேடு ஏறும்போதும் அதே நிலைமைதான்.

ஆட்டோமேட்டிக் என்றால் ஆயிலை மோந்து பாருங்கள், கருகிய வாடை வந்தால் அது அதிகம் சூடாகியிருக்கிறது. டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது அடியில் டம் என்று கேட்டால் யூ.ஜே. கிராஸிலோ டிஃபரன்ஷியலிலோ தளர்வு இருக்கிறது.

வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிற்றால் இழுக்கும் மோட்டார்), கூடுதல் விளக்குகள் இருப்பது லாபம்தானே?

வயரிங் எப்படி என்பதைப் பொறுத்தது. பேட்டரியிலிருந்து ஃபியூஸோ ரிலேயோ இல்லாமல் நேராக இழுத்த வயர், இன்சுலேஷன் டேப் சுற்றிய முடிச்சுகள் இருந்தால் அவற்றையெல்லாம் கழற்றிப் புதிதாகச் செய்யும் செலவைக் கணக்கில் வையுங்கள். வண்டி தீப்பிடிப்பது இங்கிருந்துதான். வின்ச்சை இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள், கயிற்றை முழுவதும் வெளியே இழுத்தால் உள்சுற்றின் நிலை தெரியும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி?

முந்தின இரவு நிறுத்தியதிலிருந்து காலை வரை எடுக்காமல் வைக்கச் சொல்லுங்கள். ஒரு மூலை தாழ்ந்து நின்றால் அங்கே கசிவு. கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடிய கம்ப்ரஸரும் சீக்கிரம் போகும். எல்லா உயரத்துக்கும் ஏற்றி இறக்கிப் பாருங்கள், ஸ்கேனர் போட்டுப் பழைய பிழைக் குறியீடுகளையும் படியுங்கள். எல்லாமே சற்று முன்பு அழித்த மாதிரி காலியாக இருந்தால் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள்.

காகிதங்களில்?

சேசிஸில் பொறித்த எண்ணும் ஆவணத்து எண்ணும் ஒன்றா என்று நீங்களே துடைத்துப் படியுங்கள். எண் பொறித்த இடத்தைச் சுற்றி வெல்டிங்கோ புதுப் பெயின்ட்டோ இருந்தால் மேலே பேச வேண்டாம். கடன் பாக்கி, காப்பீட்டு நிறுவனம் முழுச் சேதம் என்று அறிவித்த வரலாறு, செய்த மாற்றங்களுக்கு அனுமதி ஆகியவற்றை எழுத்தில் பாருங்கள்.

எதைப் பார்த்தால் பேரம் பேசாமல் திரும்பிவிட வேண்டும்?

சேசிஸில் ஓட்டை அல்லது மறைத்த வெல்டிங். எஞ்சின் தண்ணீர் குடித்த தடயம். கேபினுக்குள் வண்டல். பொருந்தாத எண். அடியில் படுத்துப் பார்க்க விடாத உரிமையாளர். இந்த ஐந்தில் எதற்கும் விலைக் குறைப்பு ஈடாகாது. ஆயில் சீல், புஷ், யூ.ஜே. கிராஸ், பிரேக், டயர், வாக்குவம் குழாய் இதெல்லாம் பட்டியல் போட்டு விலையில் கழித்துக்கொள்ளலாம்.

வாங்கியாகிவிட்டது. முதல் வேலை என்ன?

எஞ்சின், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃப், பின் டிஃப், ஐந்திலும் ஆயிலை மாற்றுங்கள். இதற்கும் வரப்போகும் சில்லறை வேலைகளுக்கும் வாங்கும் விலையில் பத்தில் ஒரு பங்காவது முன்பே ஒதுக்கி வைத்திருங்கள். மாற்றும்போது பக்கத்திலேயே நின்று, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாத்திரத்தில் வடிக்கச் சொல்லுங்கள். வடிகால் போல்ட்டின் காந்த முனையில் சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு மூடலாம். நகம் போல உலோகத் துண்டு இருந்தால் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும்வரை காட்டுப் பக்கம் போக வேண்டாம்.

பிரீதர் குழாய்களைச் சுத்தம் செய்து உயரமாகக் கட்டுங்கள். சேசிஸ் ஓட்டைகளில் தண்ணீர் பாய்ச்சி, கலங்கல் நின்று தெளிவாக வரும்வரை விடுங்கள். முதல் பயணம் பக்கத்திலேயே, இன்னொரு வண்டி துணையோடு இருக்கட்டும். திரும்பி வந்ததும் வண்டிக்கு அடியில் வெள்ளைத் தாள் விரித்து ஓர் இரவு விடுங்கள். காலையில் எந்த இடத்துக்குக் கீழே சொட்டு விழுந்திருக்கிறது என்று பார்த்து, அடுத்து எந்த சீலை மாற்றுவது என்று முடிவு செய்யலாம்.